தெளிவா, கலங்கலா

வட்டியூர்க்காவு, திருவனந்தபுரம்
1938 பிப்ரவரி 13

அன்புள்ள தம்பி சுவாமிதாஸுக்கு,

அக்கா சுசீலாபாய் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் சுகம். போனக்காட்டுக் குளிரில் நீயும் ராகேலும் எப்படி இருக்கிறீர்களோ என்று நினைக்காத நாளில்லை. மசக்கை நின்றதா? மூன்று மாதம் முடியும்வரை அவளை எஸ்டேட் மேட்டில் ஏறவிடாதே.

இங்கே ஐப்பசித் துலா மழைக்குப் பிறகு ஒரு துளி இல்லை. விளையில், தோட்டம் முழுவதும், மண் வெட்டுக்கல்லாக இறுகிவிட்டது. மேல் நாலு வரிசைச் சப்போட்டாக் கன்றுகளும் பத்து மணிக்கே இலையைத் தொங்கப் போட்டுவிடுகின்றன. முன்பு சாயங்காலம் நிமிரும், இப்போது நிமிர்வதில்லை. நானும் சரசம்மாவும் வெயில் ஏறுமுன் குளத்தில் கோரி, தடம் ஒன்றுக்கு மூன்று குடம் ஊற்றுகிறோம். ஊற்றினது எங்கே போகிறதோ! பாரையால் ஒரு முழம் குத்தி அடிமண்ணை எடுத்துப் பார்த்தேன். கையில் இறுக்கிப் பிடித்தாலும் உருண்டை நிற்கவில்லை, சாம்பலாக உதிர்கிறது. சரசம்மாவை உனக்கு நினைவிருக்குமோ என்னவோ. குளக்கரைக்குக் கீழே வயல் ஓரம் ஐந்து குடிசை இருக்கிறதே, அதில் முதல் குடிசைக்காரி.

இத்தனை காய்ச்சலிலும் ஒரு சந்தோஷ சமாச்சாரம். குளக்கரைக்கு வெளியே அடியை ஒட்டின கீழ்வரிசை ஒட்டு மா எட்டுக்கும் நான் ஒரு மாதமாக ஒரு சொட்டு விடவில்லை. ஆனால் அந்த எட்டும் பச்சைப் பசேலென்று நிற்கின்றன! மற்ற மாமரமெல்லாம் பூத்துக் கருகும்போது இவை பூக்காமல் செந்தளிர் விட்டிருக்கின்றன. போதகர் ஐயா வந்து பார்த்து, விதவையின் தோட்டத்தைக் கர்த்தர் நினைத்தார் என்று ஜெபம் பண்ணினார். உன் அத்தான் இருந்தால் ஊரையே கூட்டிக் காட்டியிருப்பார்கள். அவர்கள் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது.

பதில் போடு. வெந்நீர் குடி.

உன் அக்கா,
சுசீலாபாய்

* * *

போனக்காடு எஸ்டேட்
1938 பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொண்டது. உங்கள் ஜெபத்தால் நாங்கள் இருவரும் சுகம். ராகேலுக்கு இப்போது கஞ்சி தங்குகிறது. உங்கள் முட்டுவலிக்குத் தைலம் தீர்ந்திருந்தால் எழுதுங்கள், யூகலிப்டஸ் எண்ணெய் அனுப்புகிறேன்.

கீழ்வரிசை மரங்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த எட்டும் கரையின் நடுவுக்கு நேராக இருக்கின்றனவா, தெற்கு ஓரமாகவா? கரை அடியிலிருந்து எத்தனை அடி? அங்கே தரையில் தண்ணீர் கசிந்து நிற்கிறதா? நின்றால், அது தெளிவா, கலங்கலா?

சும்மாதான் கேட்கிறேன். ஆபீசில் கணக்கு முடிக்கிற சமயம், அதிகம் எழுத நேரமில்லை. கிணற்றடியில் வழுக்காமல் நடங்கள்.

தங்கள் தம்பி,
சுவாமிதாஸ்

* * *

வட்டியூர்க்காவு
1938 மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே சுகம், முட்டுவலி இருந்த இடத்திலேயே இருக்கிறது. ராகேல் சாப்பிடுகிறாள் என்று அறிந்து ஸ்தோத்திரம் செலுத்தினேன்.

நீ என்ன, அக்காள் தோட்டத்துக்குச் சர்வே எடுக்கிறாயா? சரி, கேட்டதற்குச் சொல்கிறேன். எட்டும் கரையின் நடுவுக்கு நேராகத்தான். முதல் மரம் பன்னிரண்டு அடி இருக்கும். தண்ணீர் நிற்கிறது, போன வாரம் முதல். தெளிவுதான். குடிக்கலாம் போலத் தெளிவு.

ஆனால் பாக்கியம் என்று நினைத்தது அப்படி இல்லையாம். கிருஷி இலாகா இன்ஸ்பெக்டர் வெங்கடகிருஷ்ணன் வந்தார். வலியசாலைக்காரர், நல்ல மனுஷர். கீழ்வரிசையில் இரண்டடிக் குழி வெட்டச் சொன்னார். வெட்டி முடிப்பதற்குள் குழியில் முழங்கால் அளவு தண்ணீர் ஊறிவிட்டது. அவர் முகம் மாறிற்று.

“அம்மா, மரத்துக்கு வேர் மூச்சு விடணும். இப்படி ஊறிண்டே இருந்தா அழுகிப் போயிடும். இதோ, இலை நரம்பு மஞ்சளாறது பாருங்கோ. இது கரையிலேர்ந்து வர்ற ஜலம். யார் கட்டின கரை?” என்றார்.

“என் தம்பி பக்கத்தில் நின்று கட்டினது” என்றேன்.

“அப்போ அவரையே வரவழைச்சுக் காட்டுங்கோ” என்று சொல்லிவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் சைக்கிள் ஏறிவிட்டார்.

இப்போது அடுத்த வரிசையிலும் ஆறு மரம் தளிர்த்திருக்கிறது. மேலே சப்போட்டா தண்ணீருக்குச் சாகிறது, கீழே மா தண்ணீரில் சாகிறது. இரண்டுக்கும் நடுவில் நான் குடத்தோடு நிற்கிறேன். ஈஸ்டர் லீவுக்கு ஒரு எட்டு வந்துவிட்டுப் போயேன். அதுசரி, தெளிவா கலங்கலா என்று ஏன் கேட்டாய்?

உன் அக்கா,
சுசீலாபாய்

* * *

போனக்காடு எஸ்டேட்
1938 மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும். ராகேல் அன்பு சொல்லச் சொன்னாள்.

செம்மண் கரை எதுவானாலும் கொஞ்சம் கசியும். அதற்காக மனசை அலட்டிக்கொள்ள வேண்டாம். ஆனாலும் நான் சொல்கிறபடி செய்யுங்கள். கசிகிற இடத்தில் முதலில் ஆற்று மணல், அதற்கு மேல் சிறு சரளை, அதற்கு மேல் கல், இப்படி ஒரு முழ உயரத்துக்குப் பரப்புங்கள். தண்ணீர் வரட்டும், மண் வரக்கூடாது. களிமண் வைத்து அடைக்க வேண்டாம். சப்போட்டாவுக்கு மூன்று குடத்துக்குப் பதில் ஆறு குடம் ஊற்றுங்கள். இன்னும் ஆள் வைத்துக் கோருங்கள். குளத்தில் தண்ணீர் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

தினமும் காலையில் ஒருமுறை நீங்களே போய்ப் பாருங்கள். அந்தக் குடிசைகளில் இப்போதும் ஆட்கள் இருக்கிறார்களா? மழைக்காலம் வருமுன் அவர்களை வேறு இடம் பார்க்கச் சொன்னால் நல்லது. காரணம் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

துரை லீவு தரமாட்டார். ஈஸ்டருக்கு வர முடியாது. மன்னிக்கவும்.

தங்கள் தம்பி,
சுவாமிதாஸ்

* * *

வட்டியூர்க்காவு
1938 ஏப்ரல் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. சரீரத்துக்குச் சுகம்தான், மனசுக்கு இல்லை. ராகேலை விசாரித்ததாகச் சொல்.

பயப்பட வேண்டாம் என்று எழுதிவிட்டுப் பயப்படுகிறபடி எழுதியிருக்கிறாய். காரணம் சொல்லாமல் பதினெட்டுப் பேரை வீட்டை விட்டுப் போ என்று நான் எப்படிச் சொல்வேன்? சரசம்மாவின் மாமியார் எழுந்து நடக்க முடியாதவள். போகச் சொன்னால் எங்கே போவார்கள்?

மணலும் சரளையும் பரப்பினேன். இரண்டு ஆள் கூட வைத்துக் கோருகிறேன். குளம் ஐந்தடிக்கு இறங்கிவிட்டது. தினமும் விடிந்ததும் கரையடிக்குப் போகிறேன். போகிற வழியில் கால் கூசுகிறது. நண்டு வளையைக் கண்டாலும் நின்றுவிடுகிறேன். நேற்றுச் சரசம்மா கீழ்வரிசையில் குனிந்து, தரையில் காதை வைத்துக் கேட்டாள்.

“அம்மா, மண்ணுக்குள்ளே ஆரோ வெள்ளம் குடிக்கிற சத்தம்” என்றாள்.

நானும் காதை வைத்தேன். மடக், மடக் என்று கேட்டது. அவளைப் பார்த்துச் சிரித்தேன், தவளை என்றேன். தவளை இல்லை தம்பி.

இன்றைக்கு ஆராதனை முடிந்து வந்து அத்தான் பெட்டியைத் திறந்தேன். குளம் வெட்டின வருஷத்து நோட்டு கிடைத்தது. தம்பி, எனக்கு அந்தத் தூம்பு ஞாபகமே இல்லாமல் இருந்தது. கரை கட்டும்போது ஓடைத் தண்ணீர் போக, ஒரு முழுப் பனையைக் குடைந்து அடியில் குறுக்கே போட்டீர்களே, அது. பனை உள்ளுக்குள் கிடந்து உளுத்தால் என்ன ஆகும் என்று பயந்தேன். அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அத்தான் கையெழுத்தில் இருக்கிறது: “1931 மே 19. தூம்பு எடுத்தாயிற்று. குழியைக் களிமண் இடித்து நிரப்பினார்கள். தம்பி கூட நின்று பார்த்தான். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.”

அதைப் படித்ததும் என் நெஞ்சில் இருந்த கல் இறங்கிற்று. நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அப்படியானால் இது வெறும் கசிவுதான், இல்லையா? ஒரு வரி எழுது, போதும்.

உன் அக்கா,
சுசீலாபாய்

* * *

வட்டியூர்க்காவு
1938 ஏப்ரல் 21

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன்னிடமிருந்து பதினெட்டு நாளாகப் பதில் இல்லை. ராகேலுக்கு ஏதாவதா? உனக்குக் காய்ச்சலா? அஞ்சல்காரரைத் தினமும் வாசலில் நின்று கேட்கிறேன்; அவர் தூரத்திலேயே கையை விரித்துவிடுகிறார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் இடியும் மழையும். சப்போட்டாவெல்லாம் நிமிர்ந்தன. மூன்று மாதம் இந்த மழைக்குத்தான் முழங்காலில் நின்றேன், வந்தபோது நிறுத்து ஆண்டவரே என்று கத்தினேன். இரண்டு மணி நேரத்தில் குளம் நாலடி ஏறிவிட்டது. நாங்கள் இத்தனை நாள் கோரினது அத்தனையும் திரும்பி வந்துவிட்டது.

நேற்றுக் காலை கீழ்வரிசையில் வந்த தண்ணீர் பால் விட்ட தேயிலை நிறத்தில் இருந்தது. மத்தியானத்துக்குள் தெளிந்துவிட்டது. மழைத் தண்ணீர் கலந்திருக்கும் என்று வைத்துக்கொண்டேன்.

இன்றைக்குக் கரைமேல் நின்று குளத்தைப் பார்த்தேன். காற்று அசையவில்லை. கரையிலிருந்து பத்தடி உள்ளே ஒரு மாவிலைச் சருகு மிதந்தது. அது தானாகச் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிச் சுற்றி, வட்டம் சின்னதாகி, ஒரே இடத்தில் நின்று, தலைகுத்தி உள்ளே போயிற்று. திரும்ப வரவில்லை. நான் வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன், வரவே இல்லை.

சரசம்மா பின்னால் வந்து, “அம்மா, பயப்படான் ஒண்ணும் இல்லல்லோ?” என்று கேட்டாள்.

“என் தம்பி நின்று பார்த்துக் கட்டின கரை. ஒன்றும் ஆகாது” என்று சொன்னேன். அவள் அதை நம்பிக் குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

நான் சொன்னது சரிதானா, சுவாமிதாஸ்?

அக்கா

* * *

போனக்காடு எஸ்டேட்
1938 மே 2

கர்த்தருக்குள் அன்பான மைனி அவர்களுக்கு,

ராகேல் எழுதுகிற கடிதம். எனக்கு இது ஆறாம் மாதம், பிள்ளை நன்றாகத் துள்ளுகிறது. உங்கள் முட்டுவலி எப்படி இருக்கிறது? நான் எழுதுவது உங்கள் தம்பிக்குத் தெரியாது.

அவர்களுக்குச் சரீரத்தில் நோய் ஒன்றுமில்லை. ஆனால் சாப்பிடுகிறதில்லை. உங்கள் கடிதம் வந்தால் வாங்கி, பிரிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போகிறார்கள். திரும்பி வரும்போது முகம் வெளுத்திருக்கிறது. ஐந்து தடவை உட்கார்ந்து பதில் எழுதினார்கள். ஐந்தையும் அடுப்பில் போட்டார்கள். ஒன்றை நான் எடுக்கப் போனபோது கையைப் பிடித்துத் தள்ளினார்கள். கல்யாணமான நாளிலிருந்து அப்படிச் செய்தவர்கள் இல்லை.

இங்கே மழை தூறினால் போதும், வாசலில் போய் நின்று தெற்கே பார்க்கிறார்கள். “என்ன?” என்று கேட்டால் “குளம்” என்கிறார்கள். வேறே வார்த்தை இல்லை.

மைனி, அந்தக் குளத்தில் யாராவது செத்தார்களா? உங்கள் தம்பி யாரையாவது ஏதாவது செய்துவிட்டார்களா? எதுவானாலும் எனக்குச் சொல்லிவிடுங்கள். தெரியாமல் பயப்படுகிறதுதான் என்னால் முடியவில்லை.

தங்கள் சுகத்துக்கு ஜெபிக்கும்,
ராகேல்

* * *

விதுரா அஞ்சல் ஆபீஸ்
1938 மே 5

அக்கா,

தூம்பு எடுக்கவில்லை.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். 31 மே 17-ந் தேதி, எதிர்பாராமல் மழை பிடித்துக்கொண்டது. ஓடை பெருகி வந்தது. தூம்பைத் தோண்டி எடுக்க வேண்டுமானால் கட்டின கரையை நடுவில் திரும்பப் பிளக்க வேண்டும். பிளந்த சமயத்தில் வெள்ளம் வந்தால் நாலு மாத வேலையும் போய்விடும் என்று பயந்தேன். எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. அத்தான் நம்பி ஒப்படைத்த முதல் வேலை. உள்வாயில் ஒரு கல்லை வைத்து, சாக்கில் களிமண் கட்டி அடைத்தேன். வெளிவாயில் மண்ணைப் போட்டு மூடினேன். ஆட்கள் பிரிந்து போய்விட்டார்கள்.

கச்சேரியிலிருந்து அத்தான் வந்து, “எடுத்தாச்சா?” என்று கேட்டார்கள். எடுத்தாச்சு என்றேன். “கூட நின்று பார்த்தாயா?” என்றார்கள். பார்த்தேன் என்றேன். என் தோளில் கை போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள்.

அடுத்த கோடையில் சொல்லி, எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அந்தக் கோடையில் அத்தான் சபையார் எல்லோரையும் கூட்டிவந்து, “என் மச்சினன் கட்டின கரை” என்று காட்டினார்கள். அப்புறம் என்னால் வாய் திறக்க முடியவில்லை. இந்த வேலை கிடைத்ததும் மலையேறிவிட்டேன். சம்பளத்துக்காகப் போகிறேன் என்று நினைத்தீர்கள்.

சருகு சுழன்று போனது தூம்பின் உள்வாய் இருக்கிற இடம். பனை உளுத்துவிட்டது. கலங்கல் வந்துவிட்டது என்றால் கரையின் மண் உள்ளிருந்து போகிறது என்று அர்த்தம்.

உடனே குடிசைகளைக் காலி பண்ணுங்கள். தெற்கு ஓரத்தில் பாறை மேல் இருக்கிற மறுகாலை, நிரம்பினால் தண்ணீர் வழிகிற அந்த இடத்தை, வெட்டித் தாழ்த்துங்கள். நடுக்கரையில் யாரும் மண்வெட்டி வைக்கக்கூடாது. நாளுக்கு ஒரு அடிக்கு மேல் தண்ணீரை இறக்காதீர்கள். சட்டென்று இறக்கினால் நனைந்த கரை சரிந்துவிடும்.

தாமதமாகாமல் சேர இந்தக் கடிதத்தை நானே விதுரா வரை இறங்கி வந்து கொடுக்கிறேன்.

சுவாமிதாஸ்

* * *

வட்டியூர்க்காவு
1938 மே 10

சுவாமிதாஸுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. யாரும் சாகவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். ராகேலின் கடிதமும் வந்தது, அவளிடம் இதைக் காட்டு.

வெள்ளிக்கிழமை காலை தண்ணீர் கலங்கலாக வந்தது. ஒரு கிண்ணத்தில் பிடித்து வைத்தேன். அடியில் விரல் கனத்துக்குச் செம்மண் தங்கிற்று. மத்தியானம் வரை காத்திருந்தேன். தெளியவில்லை. அப்போது உன் பிப்ரவரிக் கடிதத்தை எடுத்து மறுபடியும் படித்தேன். தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று நீ கேட்கவே இல்லை. தெளிவா, கலங்கலா என்று கேட்டிருக்கிறாய். ஒன்றும் தெரியாதவன் அப்படிக் கேட்கமாட்டான். அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அத்தான் நோட்டு பொய், நீ பயந்துகொண்டிருக்கிறாய், கரை போகப்போகிறது.

குடிசைக்கு ஓடினேன். பெட்டி, கோழி, பாய் எல்லாவற்றையும் தூக்கச் சொன்னேன். சரசம்மாவின் மாமியார் வரமாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டாள். கட்டிலோடு தூக்கிச் சபைப் பள்ளிக்கூடத்தில் வைத்தார்கள். ஆறு ஆண்கள் தெற்கு மறுகாலை வெட்டினார்கள். பாறை மேல் தண்ணீர் கொட்டுகிறதைப் பார்க்க ஆறுதலாக இருந்தது. இன்னும் வெட்டு, இன்னும் வெட்டு என்று நான்தான் சொன்னேன். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் நாலடி இறங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். நானும் சரசம்மாவும் அவள் புருஷனும் விளை மேட்டில் நின்றுகொண்டிருந்தோம். நடுக்கரை குனிந்தது. மாடு முன்னங்காலை மடக்கிப் படுக்கும் பார், அப்படி. சத்தமே இல்லை. சத்தம் அப்புறம்தான் வந்தது. மிச்சம் இருந்த ஐந்தடித் தண்ணீரும் ஒரே மூச்சில் போயிற்று. கீழ் இரண்டு வரிசை, பதினாறு மாமரம், வேரோடு போயின. மூன்று குடிசை இல்லை. சரசம்மா வீடு இருந்த இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது.

நாளுக்கு ஒரு அடிதான் இறக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அது எனக்கு எப்படித் தெரியும்? ஏப்ரலில் சொல்லியிருந்தால் மெதுவாக இறக்கியிருப்பேன். மரமும் இருந்திருக்கும், வீடும் இருந்திருக்கும்.

உடைப்பில் பனந்தூம்பு நீட்டிக்கொண்டு நின்றது, பாதி உளுத்து, வாய் திறந்து. எல்லோரும் பார்த்தார்கள். சரசம்மாவின் புருஷன் அதைக் காட்டி, “இது என்னது அம்மா?” என்று கேட்டார். தெரியாது என்று சொன்னேன்.

நீ அத்தானிடம் ஒரு பொய் சொன்னாய், நான் இவர்களிடம் ஒரு பொய் சொன்னேன். என் பொய்யை இரண்டு நாள் வைத்திருக்க முடியவில்லை, சாப்பாடு இறங்கவில்லை. நீ ஏழு வருஷம் எப்படி வைத்திருந்தாய்?

விதுரா வரை இறங்கி வந்தவன் பஸ் ஏறியிருக்கலாம். இனி எனக்குக் கடிதம் எழுதாதே. வந்து அவர்களிடம் உன் வாயால் சொல்.

சுசீலாபாய்

* * *

வட்டியூர்க்காவு
1938 ஜூன் 5

அன்புள்ள ராகேலுக்கு,

மைனி எழுதுவது. நானும் உன் வீட்டுக்காரரும் சுகம். ஏழாம் மாதம் பிறந்துவிட்டது, பாரம் தூக்காதே. புதன்கிழமை பஸ்ஸில் அவனை அனுப்பிவைக்கிறேன். அவன் வாயால் உனக்கு எவ்வளவு சொல்வானோ தெரியாது, அதனால் நான் எழுதுகிறேன். தெரியாமல் இருப்பதுதான் பயம் என்று எழுதியிருந்தாயே.

அவன் வந்தது மே 14, சனிக்கிழமை. வீட்டுக்குள் வரவில்லை. பையை வாசலில் வைத்துவிட்டு, “அவங்க எங்கே இருக்காங்க?” என்றான். சபைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனேன். ஐந்து வீட்டாரும் அங்கேதான் இருந்தார்கள், சிலர் சமைத்துக்கொண்டிருந்தார்கள். அவன் வாசல்படியில் நின்றான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“கரைக்குள்ளே இருந்த தூம்பு நான் எடுக்காமல் விட்டது. எடுத்தேன் என்று பொய் சொன்னேன். ஏழு வருஷமாக எனக்குத் தெரியும்” என்றான்.

சரசம்மாவின் புருஷன் மூலையில் கிடந்த மம்பட்டியை எடுத்தார். இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். சுவாமிதாஸ் நகரவில்லை. அடித்தால் அடிக்கட்டும் என்றுதான் வந்திருந்தான் போலும்.

சரசம்மா அடுப்பை விட்டு எழுந்து வந்தாள்.

“அது ஏது வருஷம் ஸாரே?”

“முப்பத்தொண்ணு. மே மாசம்.”

“நாங்க குடில் கெட்டினது அதே வருஷம் ஓணத்துக்கு. ஸார் அப்போ இங்கே உண்டல்லோ?”

“உண்டு.”

“நாங்க கெட்டுறது கண்டதா?”

“கண்டேன்.”

“ஒண்ணும் சொல்லல்லியே.”

அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவள் என் பக்கம் திரும்பினாள். “அம்மைக்கு அறியுமா?” என்று கேட்டாள். தூம்பைப் பார்த்தபோதே தெரியும், தெரியாது என்று பொய் சொன்னேன் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை உனக்கு எழுத முடியாது, ராகேல். ஆறு வருஷம் என்னோடு ஒரே குளத்தில் குடம் முக்கினவள்.

இந்த மூன்று வாரமும் அவன் மண் சுமந்தான். மேல் இரண்டு வரிசைச் சப்போட்டாவைப் பிடுங்கி, அந்த மேட்டை ஐந்து வீட்டுக்கும் அளந்து கொடுத்துவிட்டேன். மிச்சம் நின்ற கன்றில் பதினொன்று தண்ணீரில்லாமல் காய்ந்துவிட்டது. மழை வருமுன் ஊற்ற ஆள் இல்லை. அவனும் அந்த ஆண்களும் சேர்ந்து சுவர் எழுப்பினார்கள். அவர்கள் அவனோடு வேலைக்கு வேண்டிய பேச்சு மட்டும் பேசுவார்கள். “கல்”, “கயிறு”, “இந்தப் பக்கம்”. சரசம்மா அதுவும் பேசுவதில்லை. வீட்டுக்கு இடம் வாங்கிக்கொண்டாள். “போக வேறே இடமில்லை அம்மா. வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஆனா இனி உங்க வேலைக்கு வரமாட்டேன்” என்று சொல்லிவிட்டாள். நான் வற்புறுத்தவில்லை.

கரையைத் திரும்பக் கட்டட்டுமா என்று அவன் கேட்டான். துலா மழை கழியட்டும், அப்போது அந்த மனுஷரெல்லாம் சம்மதித்தால் பார்க்கலாம் என்றேன். சம்மதிப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. கட்டாவிட்டால் சப்போட்டா நிற்காது. அது அப்படித்தான் ஆகட்டும்.

அவனைத் திட்டாதே. எஸ்டேட்டில் வேலை இருக்கிறதோ போய்விட்டதோ, அவனுக்குக் கேட்கப் பயமாக இருக்கிறது. நீ துரையின் ரைட்டரிடம் கேட்டுவை. இப்போது இரண்டு வேளையும் சாப்பிடுகிறான். உனக்குப் பலாச்சுளை வற்றல் கொடுத்தனுப்புகிறேன், ஒரேயடியாகத் தின்றுவிடாதே.

எடவப்பாதிப் பருவமழை செவ்வாய்க்கிழமை தொடங்கிவிட்டது. நல்ல மழை. ஓடை உடைப்பு வழியாக நேரே வயலுக்கு ஓடுகிறது, எங்கும் நிற்பதில்லை. ஆனாலும் மழை வலுக்கும்போது நாங்கள் எல்லோரும், நானும் அவனும் சரசம்மாவும் மேட்டு வீட்டுக்காரர்களும், கையிலிருக்கிற வேலையை விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறோம். அங்கே கரையே இல்லை.

பிள்ளைக்கும் உனக்கும் என் முத்தம்.

மைனி,
சுசீலாபாய்